அராவிய விளிம்பு

என்னைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற வெள்ளைக்காரன் கப்பல்களுக்குத் தோணியில் போய் வாழைப்பழமும் தேசிக்காயும் விற்றவன் நான். பிறகு அதே வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்பை ஏலத்தில் எடுத்து, பட்டினத்தில் கடை வைத்து, மூன்று லொறி ஓட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் கடற்கரையில்தான். இன்றைக்கும் இந்தப் பட்டினத்தில் நல்ல வீடு ஒன்றின் கேற்றைத் தட்டிப் பாருங்கள், சத்தம் போடுவது என் கடை இரும்பு. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், ஏன் மறைக்க வேண்டும். ஆனால் இந்த அத்தியாயத்துக்கு அந்தப் பெருமை உதவாது.

இது என் அத்தானைப் பற்றியது. ஒரே அக்காவின் புருஷன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யுத்தத்தில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு லொறி ஓட்டப் போய், ஆபிரிக்காப் பாலைவனத்தில் மூன்று வருஷம் இருந்தவர்.

அங்கே என்ன நடந்தது என்பதை அவர் வாயால் நான் கேட்டதில்லை. பதக்கம் கொடுத்த அன்று வாசித்ததைத்தான் கேட்டேன். விடியற்காலையில் எதிரியின் விமானங்கள் வந்து குண்டு போட்டிருக்கின்றன. காயக்காரர் படுத்திருந்த கூடாரங்களுக்குப் பக்கத்தில் வெடிமருந்து ஏற்றிய லொறி ஒன்று தீப்பிடித்துவிட்டது. அத்தானின் லொறிகூட இல்லை அது. அதை ஓட்டினவன் செத்துக் கிடந்தான். எல்லோரும் விலகி ஓட, அத்தான் ஏறி, எரிகிற லொறியை மணல்மேட்டுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுக் குதித்திருக்கிறார். குதித்த கையோடு லொறி வெடித்தது. கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். அத்தானின் வலது கையில் மூன்று விரல்கள் வெந்து உள்ளே மடங்கி, சாகும்வரை நிமிரவில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம் கழித்துத்தான் பதக்கம் வந்தது. கடற்படைத் தளம் அப்போதும் வெள்ளைக்காரனிடம்தான் இருந்தது. உள்ளே மைதானத்தில் வைத்துக் கொடுத்தார்கள். நான் ஈரச் சாறத்தோடு வேலிக்கு வெளியே நின்றேன். பக்கத்தில் நின்ற மீன்காரர் ஒருவர், "ராஜா எங்களை விட்டுப் போனாப்பிறகு இப்பதான் கடிதம் போடுறார் போல," என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வெள்ளைக்கார அட்மிரல் அத்தானுக்கு முன்னால் வந்து நின்று முதலில் சலூட் அடித்தபோது அந்த மீன்காரரும் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் எழுத்து. கருநீல நாடா, நடுவில் வெள்ளையும் சிவப்புமாகக் கோடுகள். சாதாரணச் சிப்பாய்க்கு அதைவிடப் பெரியது கிடைப்பது அருமை என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அத்தான் அதன் விளிம்பை அக்காவுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டி ஏதோ சொன்னார். ஏதோ ஒரு நம்பரையும் சொன்னார். நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் எந்தக் கப்பல் வருகிறது, அதற்கு எத்தனை சீப்புப் பழம் வேண்டும் என்பதில் இருந்தது என் யோசனை.

அத்தானைத் தளத்தில் கிரேன் ஓட்ட வைத்திருந்தார்கள். பதக்கம் அக்காவின் றங்குப்பெட்டிக்குள் பழைய பெனியன் துணியில் சுற்றிக் கிடக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள், கார்த்திகை மாதத்தில், அதை வெளியே எடுப்பார். நிலாவெளி றோட்டில் யுத்தத்தில் செத்தவர்களின் சவக்காலை இருக்கிறது. வெள்ளைக் கல்லுகள் வரிசை வரிசையாக நிற்கும். அன்றைக்கு அங்கே பழைய பட்டாளத்தார் கூடி மலர்வளையம் வைப்பார்கள். பதக்கக்காரர் என்று அத்தானை முன்வரிசையில் விடுவார்கள். திரும்பி வந்ததும் கழற்றிச் சுற்றி வைத்துவிடுவார். குத்திக்கொண்டு பட்டினத்துக்குள் போங்கள் என்று நான் பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. நான் என்றால் சாறத்திலேயே குத்தியிருப்பேன்.

பிறகு வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனான். அத்தானுக்கு வேலை போனது. எனக்கு வாழ்வு வந்தது. சங்கிலி, நங்கூரம், வயர்க் கயிறு, பீப்பா, தண்ணீர்க் குழாய் என்று மலைபோலக் குவித்து ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் யோசித்துக்கொண்டு நிற்க நான் எடுத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் அரசாங்கச் சாமான் எதிலும் ஓர் அம்பு அடையாளம் வெட்டியிருக்கும், பக்கத்தில் நம்பர் இருக்கும். முறையாக ஏலத்தில் எடுத்த சாமானாக இருந்தாலும், அந்த அடையாளத்தோடு வைத்திருந்தால் பொலிஸ்காரன் வந்து நிற்பான். விளக்கம் சொல்லியே நாள் போய்விடும். அதனால் சாமான் கடைக்குள் வந்ததும் நாங்கள் செய்கிற முதல் வேலை, அரம் எடுத்து எழுத்தையும் நம்பரையும் அராவிவிடுவது. அராவினால்தான் அது எங்கள் சாமான். நான் அராவின நம்பர்களைச் சேர்த்து அடுக்கினால் ஒரு கப்பல் நிறையும். கை பழகிவிட்டது. எழுத்தைக் கண்டால் அரம் தேடும் கை.

அத்தானைக் கடைக்கு வரச் சொன்னேன். கதிரை போட்டுத் தருகிறேன், இருந்து ஆட்களைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். "எனக்கு இருந்து பழக்கமில்லை தம்பி," என்றார். சைக்கிளில் இறக்கக்கண்டிப் பக்கம் போய் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தினார். நல்ல வேலைக்காரர். ஆனால் வருஷத்தில் பாதிநாள் அந்தக் கடலில் தொழில் இல்லை.

அந்தப் பெரிய சூறாவளியில் அன்புவழிபுரத்தில் அவர்களுடைய வீட்டுக் கூரை முழுக்கப் போய்விட்டது. பட்டாளத்துக் கடதாசிகள், பதக்கத்தோடு வந்த பத்திரம், எல்லாம் சேற்றோடு போயின. றங்குப்பெட்டி சுவர் மூலையில் அகப்பட்டதால் பதக்கம் மட்டும் மிஞ்சியது. நான் அடுத்த கிழமையே ஆள் விட்டு நல்ல தகரத்தால் கூரை போட்டுக் கொடுத்தேன். அந்த ஒழுங்கையில் முதல் தகரக் கூரை அதுதான். இதையும் எழுதத்தான் வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அதற்கு அடுத்த வருஷம் நான் மாடி வைத்த புதுக்கடை திறந்தேன். அரசாங்க அதிபரின் கச்சேரியில் இருந்து பெரிய உத்தியோகத்தர்கள் வருகிறார்கள். வாசலில் யாரை வைத்து அவர்களை வரவேற்பது? பணக்காரன் எவனும் வாசலில் ஆள் வைப்பான். ராஜாவின் பதக்கம் வாங்கிய மனுசனை வைக்க என்னால் மட்டும்தான் முடியும். அக்காவிடம் போய் நின்றேன். அக்கா அத்தானிடம் நின்றாள். கடைசியில் அத்தான் சரி என்றார்.

பதக்கத்தை வாங்கிப் பார்த்தால் கறுத்துக் கிடக்கிறது, நாடா நூல்நூலாக இருக்கிறது. இதையா என் கடை வாசலில் குத்துவது? நேரே நகை செய்கிற பத்தரிடம் கொண்டு போனேன்.

"தங்க முலாம் போடுங்கோ பத்தர்," என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது வெள்ளி. நல்ல வெள்ளி. என்னத்துக்கு முலாம்?"

"வெள்ளியெண்டால் இரண்டாம் பரிசு எண்டெல்லோ சனம் நினைக்கும். போடுங்கோ."

"விளிம்பைச் சுத்தி இங்கிலீசு எழுத்தும் நம்பரும் கிடக்கு. முலாம் அந்தக் குழிக்குள்ள சரியாப் பிடியாது, கொஞ்ச நாளில கறுக்கும். என்ன செய்ய?"

என்ன சொன்னேன் என்று யோசிக்கத் தேவையில்லை. வருஷக்கணக்காக ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே சொல்தான் வாயில் வந்தது.

"அராவிவிடுங்கோ."

நாடாவுக்குப் பதிலாக என் மனைவி தன் கூறைச்சேலையின் கரையில் ஒரு துண்டு வெட்டித் தைத்துத் தந்தாள். ஆளைக் கண்டால் பத்துப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி மின்னியது.

திறப்பு விழா அன்று காலை அதை நானே அத்தானின் சட்டையில் குத்தினேன். அவர் குனிந்து பார்த்தார். மடங்காத இரண்டு விரலால் அதைப் பிடித்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. வாசலுக்குப் போய் நின்றார். வந்தவர்கள் எல்லோருக்கும் கும்பிட்டார். எல்லோரும் பதக்கத்தைப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்குக் கால் நிலத்தில் இல்லை.

எல்லோரும் போன பிறகு கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இதில என்ர பேரும் பட்டாள நம்பரும் இருந்தது. எங்க?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "உங்கட பேர் உங்களுக்குத் தெரியும்தானே அத்தான்," என்று சிரித்தேன்.

"எனக்குத் தெரியும்," என்றார் அவர். "இதுக்குத்தான் தெரியாமல் போச்சு."

அவ்வளவுதான். சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம்.

இரண்டு வருஷம் போயிருக்கும். சவக்காலையைப் பார்த்துக்கொண்டிருந்த காவல்காரர் வயது போய் விலகினார். அந்த வேலையைப் பழைய பட்டாளத்தான் ஒருவனுக்குத்தான் கொடுப்பார்கள், வீரப் பதக்கம் வைத்திருப்பவன் என்றால் அவனுக்கே முதலிடம் என்று கதை வந்தது. மாதச் சம்பளம், வளவுக்குள் சின்ன வீடு. அத்தானின் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். அத்தான் தானாக எதையும் ஆசைப்பட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"புல்லு வெட்டிறது, கல்லுக் கழுவிறது. இந்தக் கையால செய்யலாம்," என்று அக்காவிடம் சொன்னாராம். "அங்க கிடக்கிறதுகள் இருபது இருபத்திரண்டு வயசுப் பெடியள். தாய் தகப்பன் வந்து பார்க்கப் போறேல்லை. நான் பார்ப்பன்."

ஆட்களைத் தெரிவு செய்ய இங்கிலாந்திலிருந்து வயதான ஒரு பட்டாள அதிகாரி வருவதாக இருந்தது. அத்தான் என் கடைக்கு வந்தார். அவர் கடைக்கு வருவதே அபூர்வம். கதிரை காட்டினேன், இருக்கவில்லை.

"முதல்ல விளிம்பைத்தான் பார்ப்பினம், தம்பி. கடதாசி ஒண்டும் கையில இல்லை. விளிம்பில பேர் இல்லையெண்டால் களவெடுத்தது எண்டுதான் நினைப்பினம்."

"நானும் வாறன் அத்தான்," என்றேன். "பக்கத்தில நிக்கிறன். அராவினது நான்தான் எண்டு நானே சொல்லுறன். என்ர சொல்லுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவருடைய முகம் தெளிந்தது. "நீ சொன்னால் காணும்," என்றார்.

அந்த நாட்களில் நான் வேறொன்றுக்காகவும் காத்துக்கொண்டிருந்தேன். சமாதான நீதவான் பட்டம். பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று போடலாம், சனம் கையெழுத்துக்கு வந்து நிற்கும். மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? விண்ணப்பம் போய்விட்டது. எனக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதினவர், பழைய பட்டாளத்தார் சங்கத்தின் காரியதரிசி. இளைப்பாறிய கிளாக்கர், பதக்கம் கொடுத்த காலத்தில் இந்த ஊரில் இல்லாதவர். அவரும் அன்றைக்கு வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அது நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

காலை ஒன்பது மணிக்குச் சவக்காலைக்குப் போனோம். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பொன் கரைச் சால்வை. அத்தான் வெளுத்த காக்கிச் சட்டை. மர நிழலில் மேசை போட்டு வெள்ளைக்காரர் இருந்தார். எழுபது வயதிருக்கும், ஒரு கால் விறைப்பு, கைத்தடி. பக்கத்தில் காரியதரிசி. வேலைக்கு வந்த இன்னொருவர் தியத்தலாவைப் பட்டாள முகாமில் சமையல் செய்தவர். கடதாசிகளை ஒயில்துணிப் பையில் சுற்றிக் கொண்டு வந்து மடியில் வைத்திருந்தார்.

அத்தான் பதக்கத்தை மேசையில் வைத்தார். நாடாவின் இடத்தில் என் மனைவியின் சேலைக்கரையைக் கண்டபோதே அந்த வெள்ளைக்காரரின் புருவம் சுருங்கியது. தங்க நிறத்தைப் பார்த்தார். பிறகு அத்தான் சொன்னபடியே விளிம்பைத் திருப்பினார். சுற்றிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி எடுத்து இன்னொருமுறை சுற்றிப் பார்த்தார்.

தோணியில் பழம் விற்றுப் பழகிய இங்கிலீசு எனக்கு இருக்கிறது. அவர் கேட்ட ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இந்தப் பதக்கத்தின் பெயரை அராவியது யார் என்று கேட்டார். கெய்ரோவிலும் கொழும்பிலும் களவு போன பதக்கங்களை இப்படித்தான் பெயரை அழித்து விற்கிறார்கள் என்றார். செய்தவன் யாரென்று தெரிந்தால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டியது தன் கடமை என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

காரியதரிசி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தாரோ, அது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அத்தானோடு வந்தவன் என்பதற்காகப் பார்த்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம் கச்சேரி மேசையில் கிடக்கிறது என்பதுதான். பொலிஸ் என்ற சொல்லும் ஜே.பி. என்ற சொல்லும் ஒன்றாக என் தலைக்குள் வந்து நின்றன. இப்போது சொல்ல வேண்டும், இப்போது சொல்ல வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சால்வையைச் சரிசெய்தேன். ஒருதரம் செருமினேன். வாய் திறக்கும் என்று நானே எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. முறைக்கவும் இல்லை. லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது யாரும் நிற்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்ப்பார்களே, அப்படி. யாரும் இல்லை என்று தெரிந்ததும் முன்னுக்குத் திரும்பினார்.

"நான்தான் ஐயா," என்று இங்கிலீசில் சொன்னார்.

"ஏன் அழித்தாய்?"

"காரணம் இல்லை."

வெள்ளைக்காரர் அவருடைய கையைப் பார்த்தார். இது எப்படி என்று கேட்டார். "லொறி," என்றார் அத்தான். மேற்கொண்டு ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தன் பெயரைத் தானே அழித்தேன் என்பவனை யார் நம்புவார்கள்? வெள்ளைக்காரர் அதற்குமேல் பொலிஸ் பேச்சை எடுக்காமல் பதக்கத்தை மேசைமேல் மெல்லத் தள்ளினார். அத்தான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளைக் கல்லு வரிசைகளுக்கு நடுவால் நடந்து வெளியே போனார். குச்சவெளி பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நான் கார்க் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் ஏறவில்லை. வெயிலில் நடந்தே போனார்.

வேலை சமையல்காரருக்குக் கிடைத்தது. அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். புல்லை ஒழுங்காகத்தான் வெட்டுகிறார்.

கதை பட்டினத்துக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. காரியதரிசி தேநீர்க் கடையில் இருந்து சொல்லியிருக்கிறார். "பித்தளைக்கு முலாம் போட்டுக்கொண்டு வந்து வெள்ளைக்காரனை ஏய்க்கப் பாத்தவர்." அது வெள்ளி என்று எனக்குத் தெரியும், பத்தருக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தானுக்கு முலாம் என்றே பெயராகிவிட்டது. சைக்கிளில் போனால், "முலாம் போறார், உரசிப் பாருங்கோடா," என்று சந்தியில் இருந்து சத்தம் வரும். கை வெந்தது பட்டாளத்துக் குசினியில் கஞ்சிப்பானை கவிழ்ந்துதான் என்று ஒருவன் என் கடையிலேயே வந்து சொன்னான். அவனுக்கு இரண்டு இறாத்தல் ஆணி நிறுத்துக் கொடுத்து அனுப்பினேன். கார்த்திகை மாதக் கூட்டத்துக்கு அத்தான் அதன்பிறகு போகவில்லை. அவரைக் கூப்பிடவும் இல்லை.

எனக்கு ஜே.பி. கிடைத்தது. பெயர்ப்பலகை எழுதிக் கடையிலும் வீட்டிலும் தொங்கவிட்டேன். மாலைக்கு மேல் மாலை விழுந்து கழுத்து நொந்தது. சனம் கையெழுத்துக்கு வரத் தொடங்கியது. "இவரை எனக்கு நன்றாகத் தெரியும், இவர் நேர்மையானவர்" என்று எழுதியதன் கீழே நான் கையெழுத்து வைப்பேன், முத்திரை குத்துவேன். முகம் தெரியாதவர்களுக்கும் குத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் குத்திக்கொண்டிருக்கும்போது இதை அத்தானுக்குச் செய்யலாமே என்று தோன்றியது. என் மூளையை நானே மெச்சினேன். ஆள் பிடித்து இங்கிலீசில் ஒரு பக்கம் டைப் அடிப்பித்தேன். பதக்கம் இவருடையதே, பெயர் அழிந்தது தவறுதலாக நடந்த வேலை, இவர் உண்மையானவர் என்று நான் உறுதிப்படுத்துகிறேன், கையெழுத்து, முத்திரை. அராவியது யார் என்று மட்டும் அதில் இல்லை. அதைக் காரில் கொண்டு அன்புவழிபுரத்துக்குப் போனேன்.

அத்தான் வேலி அடைத்துக்கொண்டு நின்றார். கடதாசியை வாங்கி முழுவதும் வாசித்தார்.

"இதில என்ன கிடக்கு எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாமல் என்ன? நான் சொல்லித்தானே அடிப்பிச்சனான்."

"அண்டைக்கு ஒரு சொல்லுத்தான் கேட்டனான்," என்றார். "இப்ப ஒரு பக்கம் கொண்டு வந்திருக்கிறாய். அந்த ஒரு சொல்லு இதிலயும் இல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செய்த பிழைக்கு மருந்து கட்ட வந்தவனை இப்படிப் பேசலாமா? அப்போது அப்படித்தான் நினைத்தேன். "அத்தான், உங்களுக்கு நான் ஒண்டும் செய்யேல்லையோ? கூரை போட்டுத் தந்தது ஆர்? மழைக்கு நனையாமல் படுக்கிறது ஆராலை?" என்று கத்தினேன்.

குசினிக்குள் இருந்து அக்கா வந்து வாசலில் நின்றாள். "தம்பி, காணும்," என்றாள்.

அத்தான் கூரையை நிமிர்ந்து பார்த்தார், அன்றைக்குத்தான் முதல்முறை காண்பவர்போல. உள்ளே போனார். பெனியன் துணியில் சுற்றியதைக் கொண்டுவந்து கடதாசியோடு சேர்த்து என் கையில் வைத்தார்.

"கொண்டு போ. எழுத்து இல்லை, நம்பர் இல்லை. பொலிஸ்காரன் கேளான். உன்ர கடைச் சாமான்தான் இது."

அடுத்த கிழமை காலை நான் கடை திறக்கப் போனபோது வாசலில் தகரங்கள் அடுக்கியிருந்தன. என் தகரங்கள்தான், ஆணித் துளையோடு. மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தகரமும் நெளியவில்லை. ஒரு கையும் இரண்டு விரலும் வைத்துக்கொண்டு எப்படித்தான் கழற்றினாரோ. அவர்களுடைய வீட்டுக் கூரையில் திரும்பவும் தென்னோலைக் கிடுகு ஏறியிருந்தது. அந்தத் தகரங்களை நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். விற்றேன். இரும்புக் கடைக்காரன் வேறென்ன செய்வான்.

அதன்பிறகு பத்து வருஷம் அவர் என்னோடு கதைத்தது கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மட்டும்தான். "வா தம்பி," "இரு தம்பி." குறை சொல்ல முடியாத கதை. கார்த்திகைக் கூட்டத்துக்கு என்னை ஜே.பி. என்று கூப்பிட்டு முன்வரிசையில் விட்டார்கள். அத்தான் நின்ற இடத்துக்குக் கிட்டத்தான். நான் போனேன். வருஷா வருஷம் போனேன். மலர்வளையம் பெரிதாகத்தான் வாங்குவேன்.

அத்தான் செத்து இப்போது மூன்று வருஷம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், "முலாமும் போய்ச் சேர்ந்திட்டார்," என்று என் காதில் சொன்னார். அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. செத்தவீட்டில் என்ன பேச்சு என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

என் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத வேண்டும் என்று தொடங்கியபோது இதை விட்டுவிடத்தான் இருந்தேன். பழக்கடைத் தோணி, ஏலம், கடை, பட்டம் என்று எழுதிக்கொண்டு வந்தால் ஒவ்வொரு இடத்திலும் இது குறுக்கே நிற்கிறது. எழுதி முடித்தேன். அத்தானின் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு, பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் போடுவது என்று முடிவு செய்தேன். அராவிய பெயரை அச்சில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு. போன கிழமை அக்காவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

அவள் பாக்குச் சீவிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

"அராவினது நீ எண்டதை எழுதியிருக்கிறாய்தானே?"

"ஓம் அக்கா. மறைக்காமல் எழுதியிருக்கிறன்."

"அது இருக்கட்டும். அவற்ற பேரை எடு."

"ஏனக்கா? பேருக்காகத்தானே இவ்வளவும்!"

"பேரைப் போட்டியெண்டால், போன பேரைத் திருப்பிக் குடுத்த மனுசன் எண்டு சனம் உன்னைத்தான் புகழும். அவருக்கு ஒண்டும் வராது. எடு."

நான் என்ன சொல்லியும் அவள் கேட்கவில்லை. பாக்குவெட்டியை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எழும்பி வந்தேன்.

அதனால்தான் இதில் அவர் பெயர் இல்லை. அவர் பெயர் இல்லாத இடத்தில் மற்றவர்கள் பெயர் எதற்கு என்று எல்லோருடையதையும் எடுத்துவிட்டேன், என்னுடையதையும். பட்டாள நம்பரையாவது போடலாம், நம்பரைக் கண்டு யாரும் என்னைப் புகழப் போவதில்லை என்று பார்த்தேன். பதக்கம் என் அலுமாரியில்தான் இருக்கிறது. முலாம் தேய்ந்து வெள்ளி வெளியே வந்துவிட்டது. விளிம்பில் மட்டும் ஒன்றும் இல்லை. நம்பர் எனக்குத் தெரியாது. பதக்கம் வாங்கி வந்த அன்று அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.